மரம் வேறு, காடு வேறு

மட்டக்களப்பு மாவட்டத்து ஊர்ப்பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பார்ப்போர்க்கு இந்நிலத்தின் பழைய கோலம் ஒருவாறு விளங்கும். இலுப்படிச்சேனை, வேப்பவெட்டுவான், புன்னைக்குடா, நாவற்குடா, புளியந்தீவு, பாலையடித்தோணா, கொக்கட்டிச்சோலை, கரடியனாறு. மரத்தையும் விலங்கையும் அடையாளமாகக் கொண்டே நம் முன்னோர் பல ஊர்களுக்குப் பெயரிட்டனர். இன்று பெயர் நிற்கிறது. பெயருக்கு உரியது பல இடங்களில் இல்லை. இந்த இழப்பை ஈடுசெய்வதற்கென்று இப்போது பணம் வருகிறது. வெளிநாட்டு நிதி நிறுவனங்கள் தருகின்றன, கொழும்பு வணிக நிறுவனங்கள் தருகின்றன, அரசாங்கம் ஒதுக்குகிறது, புலம்பெயர்ந்து வாழும் உறவினர் தம் பிள்ளைகளின் பிறந்தநாளை முன்னிட்டு அனுப்புகின்றனர். ஒரு கன்றுக்கு இவ்வளவு என்று விலை குறிக்கப்படுகிறது. இத்தனை கன்றுகள் நடப்பட்டன என்று அறிக்கை அச்சாகிறது. இந்தப் பணம் காட்டை மீட்கிறதா என்பதே நாம் எழுப்ப விரும்பும் கேள்வி.

கேள்விக்குள் நுழையுமுன் நம் அணியைச் சேர்ந்த சில நண்பர்களுக்கு ஒரு சொல். காடு, பறவை, யானை என்றால் அது வயிறு நிறைந்தோரின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கும் போக்கு நம்மிடையே உண்டு. உழைக்கும் மக்களின் கூலிப் பிரச்சினையும் காணிப் பிரச்சினையும் தீராதபோது மரத்தைப் பற்றிப் பேசுவது எதற்கு என்பர். 2022, 2023 ஆகிய இரு ஆண்டுகளிலும், ஆண்டொன்றுக்கு 400க்கு மேற்பட்ட யானைகளும் 100க்கு மேற்பட்ட மனிதர்களும் இந்நாட்டில் மனித யானை மோதலால் மடிந்தனர். மடிந்த மனிதர் யார்? வயலில் இரவுக்காவல் இருந்த விவசாயி. விடியுமுன் வேலைக்குப் புறப்பட்ட கூலியாள். குளத்துக்கு மீன் பிடிக்கச் சென்றவன். குளிரூட்டிய அறையில் இருந்த எவனையும் யானை மிதித்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை. காடு சுருங்கியதன் விலையைக் கொடுப்பவன் ஏழை. ஆகவே காட்டின் கேள்வி ஏழையின் கேள்வியே.

இனி விடயத்துக்கு வருவோம். காடு என்பது மரங்களின் கூட்டுத்தொகை என்று எண்ணுவோர்க்கு, கன்றுகளை எண்ணினால் காட்டை எண்ணியதாகிவிடும். நமது உலர்வலயக் காட்டை அறிந்தோர் அவ்வாறு எண்ணார். பாலையும் வீரையும் முதிரையும் கருங்காலியும் அங்கே மேல்நிலை மரங்கள். அவற்றின் கீழே நிழலை விரும்பும் சிறுமரங்கள். அதற்கும் கீழே பற்றையும் கொடியும். இடையிடையே வெளியான புற்றரைகள். மழைக்காலத்தில் நிறைந்து கோடையில் வற்றும் வில்லுகள், மடுக்கள். பாலைப்பழத்தைத் தின்னக் கரடி வருகிறது. வீரைப்பழத்தைத் தின்ன இருவாட்சி வருகிறது. தின்ற பறவையும் விலங்குமே அடுத்த தலைமுறை மரத்துக்கு விதைகாரர். முதுமரத்தின் பொந்தில்தான் இருவாட்சி கூடு வைக்கும். பொந்து விழும் அளவுக்கு ஒரு பாலை முதிர்வதற்கு ஒரு மனித ஆயுள் போதாது. இவை யாவும் சேர்ந்ததே காடு. தாங்கித் தடியில் கட்டப்பட்ட கன்றுகளின் வரிசை காடாகாது. அது காடாகலாம், ஆகாமலும் போகலாம். எது நிகழும் என்பதை நடுகின்ற நாள் தீர்மானிப்பதில்லை. அதற்குப் பின்வரும் இருபது முப்பது ஆண்டுகள் தீர்மானிக்கின்றன.

இந்தக் காடு எவ்வாறு அழிந்தது என்பதை மறைத்துவிட்டு மீட்பைப் பற்றிப் பேசுவது வரலாற்று மோசடி. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், உறுதி காட்டமுடியாத காட்டையும் தரிசையும் முடிக்குரிய சொத்தாகக் கொள்ள வழிசெய்தது. தலைமுறை தலைமுறையாக விறகும் தேனும் மேய்ச்சலும் பெற்றுவந்த குடியானவன் ஒரே நாளில் தன் காட்டில் அத்துமீறியவன் ஆனான். கீழைக் கரையின் முதிரையும் கருங்காலியும் கப்பலேறி ஐரோப்பியரின் மாளிகைகளிலே தளபாடங்கள் ஆயின. 1907ஆம் ஆண்டின் காடுகள் கட்டளைச்சட்டம் அந்த உடைமையை மேலும் இறுக்கியது. சுதந்திரத்தின் பின் வந்தவர்கள் சட்டத்தை மாற்றவில்லை. முடி என்றிருந்த இடத்தில் அரசு என்று எழுதிக்கொண்டனர். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் அன்றைய மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பகுதிக் காட்டைப் பரந்த அளவில் வெட்டி வீழ்த்தியது. 1970களின் இறுதியில் துரிதப்படுத்தப்பட்ட மகாவலித் திட்டம் மாதுறு ஓயாப் பள்ளத்தாக்கில் அதே வேலையைத் தொடர்ந்தது. போர்க்காலத்தில், பாதுகாப்பின் பெயரால், பாதையோரக் காடுகள் வெட்டித் துடைக்கப்பட்டன. 1956இல் இலங்கையின் நிலப்பரப்பில் 44 சதவீதம் காடாக இருந்தது. இன்று அது 30 சதவீதத்தைத் தொட்டும் தொடாமலும் நிற்கிறது.

இவ்வளவும் நிகழ்ந்தபின், பாடநூலிலும் மேடையிலும் குற்றவாளியாக நிறுத்தப்படுபவன் சேனைப் பயிர்ச்செய்கைக்காரன். அவன் கையில் கத்தி இருந்ததை நாம் மறுக்கவில்லை. நம்மூர் மரவியாபாரியின் உழவு இயந்திரம் இரவில் எங்கே போய்வருகிறது என்பதும் ஊரார்க்குத் தெரியாத இரகசியமன்று. ஆயினும் இரண்டு ஏக்கரை எரித்து, விதைத்து, பின் ஆண்டுக்கணக்கில் ஓயவிட்டவனையும், பல்லாயிரம் ஏக்கரை இயந்திரங்களால் சில ஆண்டுகளில் துடைத்தவர்களையும் ஒரே தராசில் வைப்பது எந்த நீதி? ஓயவிட்ட சேனையில் காடு தானே திரும்பிவந்தது. அணைக்கட்டின் அடியிலும் கரும்புத் தோட்டத்திலும் அது திரும்பவில்லை.

இப்போது நடுகை விழாக்களைப் பார்ப்போம். யூன் 5ஆம் நாள் உலகச் சுற்றாடல் தினம். அன்று பாடசாலைகளிலே கன்று நடவேண்டும் என்று மேலிடத்துக் கடிதம் வருகிறது. நாம் ஆசிரியர்கள், கடிதத்துக்குப் பணிந்து மாணவரை வரிசையில் நிறுத்துகிறோம். யூன் மாதத்தில் மட்டக்களப்பில் வீசுவது கச்சான். மண் வெடித்து, கிணற்று நீர் அடியைத் தொடும் பருவம் அது. நம் மாவட்டத்து மழையின் பெரும்பகுதி ஒக்டோபரில் தொடங்கி சனவரி வரை வாடையோடு வருகிறது. ஆடிக்கு முன் குழிதோண்டிக் கன்று வைப்பவனை நம்மூர்க் கமக்காரன் பார்த்தால் சிரிப்பான். அவன் வைப்பதாயின் ஐப்பசி மழை மண்ணை நனைத்த பின்னர் வைப்பான். இதை அறிய விஞ்ஞானம் வேண்டியதில்லை. பக்கத்து வளவில் வாழை வைப்பவரைக் கேட்டாலே போதும். நாட்காட்டியை உலகம் தந்தது. மழையை வாடைதான் தரும். நாட்காட்டிக்கு நட்ட கன்று பெரும்பாலும் ஆவணிக்குள் சருகாகிறது. மறு ஆண்டு அதே குழியில் அடுத்த கன்று, அடுத்த படம், அடுத்த அறிக்கை.

இது ஒரு பாடசாலையின் அறியாமை என்று கடந்துவிட முடியாது. பெரும் பணமும் பெரும் நிறுவனங்களும் இதே தவறைப் பேரளவில் செய்தமைக்கு நமது கடலோரமே சான்று. 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின், கண்டல் மரங்கள் அலையின் வேகத்தைத் தணிக்கும் என்ற கருத்து பரவியதும், இலங்கையின் களப்புகளிலே கண்டல் நடுவதற்கு நிதி வந்து குவிந்தது. நடப்பட்டவை என்னவாயின என்று இலங்கை, பெல்சிய ஆய்வாளர்கள் 23 இடங்களுக்குச் சென்று பார்த்து 2017இல் முடிவை வெளியிட்டனர். ஏறத்தாழ 1,000 முதல் 1,200 ஹெக்டேயரில் நடுகை நடந்திருந்தது. உயிர் பிழைத்துக் கண்டலாக நின்றது 200 முதல் 220 ஹெக்டேயர். 23 இடங்களுள் 9 இடங்களில் ஒரு கன்றுகூட எஞ்சவில்லை.

காரணங்களையும் அவர்கள் எழுதினர். கண்டல் வளராத இடத்திலே கண்டல் நடப்பட்டது. நீரின் ஆழமும் உவர்ப்பும் கருதப்படவில்லை. ஒவ்வோர் இனமும் கரையிலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்பது பாராமல், நீண்ட விதை எளிதிற் கிடைக்கிறது என்பதற்காக ஓரிரு இனங்களே எங்கும் குத்தப்பட்டன. நட்டபின் எவரும் திரும்பிவரவில்லை. பாசி மூடியது, மாடு மிதித்தது. நமது களப்புகளின் வற்றுப்பெருக்கு ஒரு முழத்தைத் தாண்டுவது அரிது. ஆண்டில் பல மாதங்கள் களப்பின் முகத்துவாரத்தை மணல் அடைத்துவிடும். இத்தகைய களப்பைப் பிற நாட்டுக் கடற்கரைபோல் எண்ணித் திட்டம் வரைந்தவர் யார்? களப்பில் தோணி விட்டு வாழும் மீனவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தில்லை எங்கே நிற்கும், கண்டல் எங்கே நிற்கும் என்று சொல்லியிருப்பார். அவரைக் கேட்கவில்லை. அவருக்கு நாட்கூலி கொடுத்துக் குத்தச் சொன்னார்கள்; அவரும் குத்தினார். இந்தத் தோல்விகளிலிருந்து பாடம் படித்து, இடத்தை ஆராய்ந்து, கண்டலைத் தானே முளைக்கவிடும் முறைக்கு நாடு மெல்ல மாறியது என்பதையும், அதன்பொருட்டு 2024 பெப்ரவரியில் ஐக்கிய நாடுகளின் சுற்றாடல் திட்டம் இலங்கையைப் பாராட்டியது என்பதையும் நாம் மறைக்கவேண்டியதில்லை. பாராட்டு வருவதற்குமுன் எத்தனை ஹெக்டேயர்ப் பணம் சேற்றில் போயிற்று என்பதையும் மறக்கவேண்டியதில்லை.

கன்று ஏன் சாகிறது என்பதற்கு விஞ்ஞானம் இவ்வாறு விடை தருகிறது. சாகும் என்று தெரிந்தும் ஏன் நடுகிறார்கள் என்பதற்கு அரசியற் பொருளாதாரமே விடை தரவேண்டும். பணம் கொடுப்பவன் வாங்குவது எண்ணிக்கையை. நடப்பட்ட கன்று ஒரு நாளில் எண்ணக்கூடியது, படம் பிடிக்கக்கூடியது, நிதியாண்டு முடியுமுன் கணக்கில் ஏற்றக்கூடியது. காடோ நிதியாண்டை அறியாது. ஆகவே நடுவதற்குப் பணம் உண்டு. நீர் ஊற்றுவதற்கு இல்லை. வேலி அடைக்க முதலாண்டில் உண்டு. மூன்றாம் ஆண்டில் காவலிருக்க இல்லை. எந்த மரம் என்பதும் இவ்வாறே தீர்மானமாகிறது. நாற்றுமேடையில் விரைந்து எழும்பும் இனமே விரும்பப்படுகிறது. ஆழிப்பேரலையின் பின் கீழைக்கரை மணலில் சவுக்கு வரிசை வரிசையாக எழுந்தது. அதற்கு முன்பே உலர்வலயத்தில் வெட்டிய காட்டின் இடத்தைத் தேக்கு நிரப்பியிருந்தது. சவுக்கும் தேக்கும் நமக்குப் பகையல்ல. வளைக்கும் விறகுக்கும் பலகைக்கும் அவை வேண்டியவையே. தேக்கந்தோப்பைத் தேக்கந்தோப்பு என்று சொல்லட்டும். கோடையில் இலையுதிர்த்து வெறுந்தரையைக் காட்டி, தீப்பற்றி, கரடிக்கு ஒரு பழமும் தராத அதனைக் காடு என்று கணக்கெழுதுவதைத்தான் நாம் எதிர்க்கிறோம்.

உலகளாவிய நிலையும் இதுவே. 2011இல் ஜெர்மனியின் பொன் நகரில் நாடுகள் ஓர் அறைகூவலை ஏற்றன. 2030க்குள் 35 கோடி ஹெக்டேயர் அழிந்த நிலத்தை மீட்பது என்று பின்னர் இலக்கு விரிக்கப்பட்டது. நாடுகள் எழுதிக்கொடுத்த வாக்குறுதிகளை 2019இல் விஞ்ஞானிகள் ஆராய்ந்தபோது, அவற்றுள் ஏறத்தாழ 45 சதவீதம் கடதாசிக்கும் பலகைக்கும் வெட்டப்படவிருக்கும் ஒற்றைப் பயிர்த் தோட்டங்களாகவே இருக்கக் கண்டனர். அதே 2019 நவம்பர் 11ஆம் நாள் துருக்கி அரசு ஒரே நாளில் 1 கோடியே 10 இலட்சம் கன்றுகளை நட்டு உலகுக்கு முரசறைந்தது. சில மாதங்களின் பின் அந்நாட்டு வனத்துறைத் தொழிற்சங்கம் தான் பார்வையிட்ட இடங்களில் 90 சதவீதம் வரை பட்டுப்போயின என்றது. அரசு மறுத்தது. மண்வெட்டி பிடித்தவனின் கணக்கு எது, மேடையில் நின்றவனின் கணக்கு எது என்பதை வாசகர் அறிவர்.

இதைவிடப் பெரிய மோசடி ஒன்றுண்டு. ஒரு கையால் நட்டுக்கொண்டே மறு கையால் காட்டைத் தாரைவார்ப்பது. 2020 நவம்பரில் இலங்கை அரசு, 2001ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சுற்றுநிருபத்தை நீக்கியது. ஒதுக்குக் காடுகளாகப் பிரகடனம் செய்யப்படாத ஏனைய காடுகளின் நிர்வாகம் வன இலாகாவின் கையிலிருந்து மாவட்ட, பிரதேச செயலாளர்களிடம் செல்ல அதனால் வழி திறந்தது. ஏறத்தாழ 5 இலட்சம் ஹெக்டேயர் காடு இதனால் ஆபத்துக்குள்ளாகும் என்று சூழலியலாளர் கூக்குரலிட்டனர், வழக்குகளும் தொடுக்கப்பட்டன. பயிர்ச்செய்கை என்ற பெயரில் எந்த மரத்தை வெட்டலாம் என்று கணக்குப் பார்த்த அதே ஆட்சியில், மரநடுகை விழாக்களுக்கு மட்டும் குறைவிருக்கவில்லை. மாட்டைக் கொன்று செருப்பைத் தானம் செய்வது என்று நம் முதியோர் சொல்வது இதனைத்தான்.

மாட்டைப் பற்றிச் சொன்னதும் சித்தாண்டி நினைவுக்கு வருகிறது. மயிலத்தமடு, மாதவனை என்ற மேய்ச்சல் நிலங்கள் நமது மாவட்டத்தின் மேற்கெல்லையில், மகாவலி அதிகாரசபையின் ஆளுகைக்குட்பட்ட பரப்பில் உள்ளன. வயல்களிலே வேளாண்மை நிற்கும் காலத்தில் மாடுகளை அங்கே கொண்டுசென்று கட்டுவது இங்குள்ள பண்ணையாளரின் நீண்டகால வழக்கம். 2020இல் அயல் மாவட்டங்களிலிருந்து கொண்டுவரப்பட்டோர் சோளச் செய்கை என்ற பெயரில் அங்கே நிலம் பிடிக்கத் தொடங்கினர். மேய்ச்சல் வெளி உழப்பட்டது. தம் மாடுகள் சுடப்பட்டன, வெட்டப்பட்டன என்று பண்ணையாளர் முறையிட்டனர். வழக்கு நீதிமன்றம் ஏறியது. 2023 செப்டம்பர் 15ஆம் நாள் அவர்கள் சித்தாண்டியிலே தெருவோரத்தில் பந்தலிட்டு அமர்ந்து தொடர்போராட்டத்தில் இறங்கினர். மாதக்கணக்காக அப்போராட்டம் நீண்டது.

அந்தப் பந்தலைக் கடந்து சென்ற வாகனங்களில் கன்று ஏற்றிய வாகனங்களும் இருந்திருக்கும். மேய்ச்சற்றரையும் சிறுகாடும் மடுவும் கலந்த ஒரு பரப்பு உழுது சோளக்கொல்லை ஆக்கப்படும்போது, யானைக்கும் மானுக்கும் மயிலுக்கும் உரிய வாழிடமே அழிகிறது. அதைத் தடுக்க வீதியில் இருந்தவர் பண்ணையாளர். காட்டை மீட்கப் புறப்பட்ட நிதியாளர்கள் அவர்களோடு வந்து அமர்ந்தார்களா? சுற்றாடல் என்ற சொல்லைத் தம் பெயர்ப்பலகையில் எழுதியோர் அது அரசியல், எமக்கு ஆகாது என்று விலகிநின்றனர். நிலம் யாருக்கு என்ற கேள்வியைத் தொடாமல் நிலத்திலே மரம் நடலாம் என்பவர் குழியில்லாமற் கன்று வைப்பவர். இவ்விடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். வயிற்றுக்காக ஏர்பிடிக்க வந்த சிங்கள ஏழை விவசாயி நமது பகைவன் அல்லன். ஓர் ஏழையை இன்னோர் ஏழையின் மேய்ச்சலில் கொண்டுவந்து குடியேற்றி, இருவரும் மோதும்போது இனத்தின் பெயரால் வாக்குப் பொறுக்குவோரே இருவர்க்கும் பகைவர்.

மாடு கன்றைத் தின்னும், மிதிக்கும். மாட்டுக்காரனைக் காட்டின் காவலன் என்பது முரணன்றோ என்று கேட்பர். கேள்வி நியாயமானது. எல்லை மீறிய மேய்ச்சல் இளங்காட்டை அழிக்கும் என்பது உண்மை. களப்போரக் கண்டலுக்கும் அதுவே நேர்ந்தது. ஆனால் மேய்ச்சல் எப்போது எல்லை மீறுகிறது? மாடு செல்லும் வெளி பறிபோய், எஞ்சிய துண்டிலே எல்லா மாடும் அடையும்போது. மேய்ச்சல் நிலத்தைச் சட்டபூர்வமாக உறுதிசெய்தால் இளங்காட்டுக்கு வேலியடைக்க மாட்டுக்காரனே முன்வருவான். நமது இலக்கண நூலோர் நிலத்தைப் பகுத்த முறை இங்கு எண்ணத்தக்கது. தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்கும் விலங்கையும் மரத்தையும் பறவையையும் உணவையும் தொழிலையும் சேர்த்தே கருப்பொருள் வகுத்தது. முல்லை என்றால் காடு. அக்காட்டின் மக்கள் ஆயர். அவர் தொழில் ஆநிரை மேய்த்தல். மரத்தை மட்டும் பிரித்தெடுத்து, மக்களையும் தொழிலையும் விலக்கி வைத்த ஒரு முல்லையை அவர்கள் கற்பனை செய்யவில்லை. புலமை நெறியில் எழுந்த பாகுபாடு அது என்பதை நாம் அறிவோம். எனினும் நிலத்தை முழுமையாகக் காணும் கண் நம் மரபுக்கு இருந்தது. கன்றொன்றுக்கு விலை குறிக்கும் இன்றைய கணக்குக்கு அந்தக் கண் இல்லை.

யானையின் கணக்கும் இதையே சொல்கிறது. 2021இல் வெளியான நாடளாவிய ஆய்வின்படி, இலங்கையின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 60 சதவீதத்தில் யானை நடமாடுகிறது. அந்தப் பரப்பில் ஏறத்தாழ 70 சதவீதத்தில் மனிதரும் குடியிருக்கின்றனர். யானையை ஒருபுறமும் மனிதனை மறுபுறமும் கோடிட்டுப் பிரித்துவிடலாம் என்பது வரைபடத்தில் மட்டுமே நடக்கும். அது விரும்பி மேய்வதும் அடர்ந்த நடுகைத் தோப்பில் அன்று. பற்றைக்காட்டிலும் வற்றிய குளத்துப் புல்லிலும் ஓயவிட்ட சேனையிலுமே. நிதியாளரின் மொழியில் இவை யாவும் பாழ்நிலம். பாழ்நிலம் என்று பெயரிட்டு அங்கே கன்று நிரப்பும்போது, யானையின் உணவைப் பறித்து அதற்கு வாழிடம் அமைத்ததாக அறிக்கை எழுதப்படுகிறது.

அப்படியானால் மரமே நடவேண்டாமா? வேண்டும். எங்கே, எதை, யார் கையால், எத்தனை ஆண்டுக்கு என்பதே வினா. சிங்கராஜக் காட்டின் ஓரத்தில் முன்னர் நடப்பட்ட பைன் தோட்டத்திலே, பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் நிமல் குணதிலக்க, சாவித்திரி குணதிலக்க ஆகியோரும் அமெரிக்க அறிஞர் மார்க் ஆஷ்டனும் 1990களின் தொடக்கத்தில் ஒரு பரிசோதனையை ஆரம்பித்தனர். சில பைன் வரிசைகளை அகற்றி இடைவெளி உண்டாக்கி, அந்த நிழலின்கீழ் நாட்டு மரங்களை வைத்து, ஆண்டு ஆண்டாக அளந்தனர். பிறநாட்டு மரம் நாட்டு மரத்துக்குச் செவிலியாயிற்று. புதுச்சேரியின் அருகே ஆரோவில்லில் 1968க்குப் பின் வெறுஞ்செம்மண்ணில் மழைநீர்த் தடுப்பு வரம்புகள் கட்டி, முதலில் வேற்றுநாட்டு வேலினங்களை வைத்து, பின்னர் கோவிற்காடுகளிலே எஞ்சிநின்ற நாட்டு மரங்களின் விதையைத் தேடியெடுத்து வளர்த்தனர். அவர்கள் மீட்ட உலர் பசுமைக்காட்டின் பாலையும் வீரையும் நமது காட்டின் பாலையும் வீரையுமே. இரண்டிடத்திலும் வெற்றிக்கு விலையாகக் கொடுக்கப்பட்டவை பல பத்தாண்டுகள்.

உழைக்கும் மக்களின் கையில் இப்பணி என்னவாகும் என்பதற்குக் கென்யா சான்று. வங்காரி மாத்தாய் 1977இல் தொடங்கிய பசுமைப்பட்டை இயக்கம், நாட்டுப்புறப் பெண்கள் வளர்த்த கன்றுகளுள் உயிர்பிழைத்தவற்றுக்கே சிறுதொகை கொடுத்தது. நட்டதற்குப் பணமில்லை, நின்றதற்குப் பணம். அதே இயக்கம் 1989இல் நைரோபியின் மக்கள் பூங்காவில் ஆளுங்கட்சி எழுப்பவிருந்த வானளாவிய மாளிகையை எதிர்த்து நின்றது. 1990களின் இறுதியில் கருராக் காட்டைத் தனியார்க்குப் பங்கிட்டதை எதிர்த்து அடியுதை பட்டது. மரம் நடுவதும் நிலப்பறிப்பை எதிர்ப்பதும் அந்தப் பெண்களுக்கு ஒரே வேலை. 2004இல் நொபெல் பரிசு வந்தபோது உலகம் மரத்தைப் பாராட்டிற்று; போராட்டத்தை மெல்ல மறந்தது.

ஆகவே, நமது மாவட்டத்தில் காட்டை மீட்க நிதி தருவோரிடமும் பெறுவோரிடமும் நாம் வைக்கும் கோரிக்கைகள் இவை. நட்ட கன்றுக்கன்றி, பத்தாம் ஆண்டில் நிற்கும் மரத்துக்கே பணம் கணக்கிடப்படவேண்டும். அதுவரை நீருக்கும் வேலிக்கும் காவலுக்கும் ஆண்டுதோறும் தொகை ஒதுக்கப்படவேண்டும். வேரும் விதையும் மண்ணில் எஞ்சியுள்ள இடத்தில் நடுகையை நிறுத்தி, தீயையும் வெட்டையும் தடுத்து, காட்டைத் தானே எழவிடவேண்டும். அதற்குச் செலவு குறைவு, பலன் மிகுதி. நடவேண்டிய இடத்தில் பாலை, வீரை, முதிரை, கருங்காலி, நாவல், மருது முதலிய நாட்டு இனங்களே, உள்ளூர் விதையிலிருந்து, மாரி தொடங்கியபின் நடப்படவேண்டும். நாற்றுமேடையும் காவலும் அவ்வூர் மக்களுக்கு, சிறப்பாகப் பெண்களுக்கு, நியாயமான மாதச் சம்பளத்தோடு கூடிய வேலையாக வேண்டும். தொண்டு என்ற பெயரில் உழைப்பை இலவசமாகப் பெறும் வழக்கம் ஒழியவேண்டும். மேய்ச்சல் நிலமும் யானை வழியும் வர்த்தமானியில் எல்லையிட்டு அறிவிக்கப்படவேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, காட்டை வெட்டி இலாபம் ஈட்டும் நிறுவனம் ஒன்று கன்று நட்டுக் கழுவாய் தேடுமாயின், அப்பணத்தை ஏற்குமுன் வெட்டை நிறுத்தும்படி கேட்கவேண்டும்.

ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் இதில் எளிய வேலை ஒன்றுண்டு. துணிவு மட்டுமே வேண்டியது. தம் பாடசாலை வளவிலும் ஊர்க் குளக்கட்டிலும் களப்போரத்திலும் கடந்த ஐந்தாண்டில் நடப்பட்டவை எத்தனை, இன்று நிற்பவை எத்தனை என்று ஒரு கொப்பியில் எழுதட்டும். எந்த நிதி, எந்த மாதம், எந்த இனம் என்பதையும் பக்கத்தில் குறிக்கட்டும். பாலைப்பழக் காலத்தில் கொட்டைகளைச் சேர்த்து வைக்கட்டும். காட்டுக்குப் போய்வந்த முதியோரிடம் மரத்தின் பெயரையும் பழத்தின் பருவத்தையும் கேட்டு எழுதட்டும். அப்பெயர்கள் பல அகராதியில் ஏறாமலே அழிந்துகொண்டிருக்கின்றன. இவ்வாறு பத்துப் பாடசாலைகளின் கொப்பிகள் சேர்ந்தால், அச்சிட்ட அறிக்கைகள் எவற்றினும் உண்மையான கணக்கு நம் கையில் இருக்கும்.

அடுத்த விழாவுக்கு அழைப்பு வரும், அதிதி வருவார், கன்றும் வரும். நட்டு முடிந்து கைகழுவும்போது, சென்ற ஆண்டு நட்டது எங்கே என்று ஒரு மாணவன் எழுந்து கேட்கட்டும். விடை இல்லையாயின், கன்றுக்கென வந்த பணம் எங்கே என்பது அவன் கேட்கவேண்டிய இரண்டாம் கேள்வி. கன்று நிற்கவேண்டிய நிலம் இன்று யார் கையில் இருக்கிறது என்பது மூன்றாவது. மூன்றாம் கேள்விக்கு விடை கிடைக்காதவரை முதலிரண்டுக்கும் கிடைக்கும் விடைகள் வெறும் சமாதானங்களே.